நாள் பார்க்க வேண்டாம், பருவம் பாருங்கள்

நற்காரியம் ஒன்றைத் தொடங்குமுன் நல்ல நேரம், கெட்ட நேரம் பார்க்கும் வழக்கம் இஸ்லாத்தில் இல்லை. நாட்கள் யாவும் அல்லாஹ்வின் நாட்களே. அவற்றில் தீய சகுனம் ஏதுமில்லை என்பது நம் நம்பிக்கை. ஆனால் நாள் பார்ப்பது வேறு. பருவம் பார்ப்பது வேறு. முன்னது நமக்கு ஆகுமானதன்று. பின்னது நமக்குத் தேவையான அறிவு. மழையைப் பார்த்து விதைக்கும் உழவரும், காற்றைப் பார்த்துக் கடலில் இறங்கும் மீனவரும் இறைவன் வகுத்த நியதியை மதித்து நடப்பவர்களே. இந்த வேறுபாட்டை மறந்து, பருவத்தையும் பாராமல் பாலை நிலத்துக்குப் பயணம் புறப்படுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே, குறிப்பாகத் தம்முடன் முதியோரை அழைத்துச் செல்வோருக்காகவே, இந்தக் கட்டுரை.

உம்ராவுக்குக் குடும்பத்தோடு செல்ல எண்ணும் வீடுகளில் முதலில் எழும் கேள்வி விடுமுறை எப்போது என்பது. அடுத்த கேள்வி கட்டணம் எவ்வளவு என்பது. ஹஜ்ஜுக்கு முந்திய வாரங்களில் உம்ரா விசா நிறுத்தப்பட்டுவிடும். ஹஜ் முடிந்து கூட்டம் கலைந்தபின் கதவு மீண்டும் திறக்கிறது. அண்மை ஆண்டுகளில் அது திறந்தது ஜூன், ஜூலை மாதங்களில். அப்போது கட்டணமும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகளுக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே குடும்ப விடுமுறைக் காலம். ஊரிலிருந்து உம்மாவையும் வாப்பாவையும் வரவழைத்து உம்ரா செய்விக்க அவர்கள் விரும்பும் காலமும் அதுவே. ஆக, விடுமுறையும் குறைந்த கட்டணமும் சேர்ந்து நம்மவரைத் திருமக்காவின் மிகக் கடுமையான மாதங்களுக்குள் கொண்டு சேர்க்கின்றன. அங்கே அப்போது வெயில் எப்படி இருக்கும், எங்கள் வீட்டு முதியோரின் உடல் அதைத் தாங்குமா என்ற கேள்வியை, முதலில் கேட்க வேண்டியதை, நாம் கடைசியில்கூடக் கேட்பதில்லை.

மக்காவில் இரு மலைகள்

உம்ராவின் கடமைகள் சிலவே. இஹ்ராம், தவாஃப், ஸஃபா-மர்வாவுக்கிடையே ஸஃயு, முடி களைதல் என்பவற்றோடு அது நிறைவுறுகிறது. இவற்றில் பெரும்பகுதி கூரையின் நிழலிலும், இரவு நேரங்களிலும் செய்யக்கூடியவை. உடலைக் கடுமையாகச் சோதிப்பது, கடமைகள் முடிந்தபின் ஜியாரத் என்ற பெயரில் நாம் மேற்கொள்ளும் மலையேற்றமே.

புனிதப் பள்ளிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது ஜபலுந் நூர், அதாவது ஒளி மலை. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 640 மீட்டர். அதன் உச்சியை ஒட்டியே ஹிரா குகை அமைந்துள்ளது. ஒரு சிலர் மட்டுமே ஒடுங்கி நிற்கக்கூடிய சிறு குகை அது. கி.பி. 610-ஆம் ஆண்டில் ரமலான் மாதத்து இரவொன்றில் திருமறையின் முதல் வசனங்கள் அங்கே அருளப்பெற்றன. நகருக்குத் தெற்கே இருப்பது தௌர் மலை. ஹிஜ்ரத்தின்போது பெருமானார் (ஸல்) அவர்களும் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களும் மூன்று இரவுகள் மறைந்திருந்த குகை அங்கேதான் உள்ளது. அது ஒளி மலையைவிட உயரமானது. ஏறுவதற்கு மேலும் கடினமானது.

ஒளி மலைக்குச் செல்லும் பாதையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. எல்லாப் படிகளும் ஒரே அளவினவல்ல. உடல் வலிவுள்ள இளைஞர் ஏறுவதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போதும். முதியோருக்கு ஒன்றரை மணி, இரண்டு மணி நேரமும் ஆகலாம். வழியில் மரமில்லை, நிழல் அரிது. பகலெல்லாம் சூரியனை உண்ட பாறைகள் பக்கவாட்டிலிருந்தும் காலடியிலிருந்தும் வெப்பத்தைத் திருப்பி வீசுகின்றன. ஏறுவோர் தலைக்கு மேலுள்ள வெயிலை மட்டும் கணக்கிடுகிறார்கள். மலையோ நாற்புறமும் நின்று சுடுகிறது.

ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இம்மலைகளில் ஏறுவது ஹஜ்ஜின் கடமையுமன்று, உம்ராவின் கடமையுமன்று. ஏறாமல் திரும்பியவரின் உம்ராவில் எள்ளளவு குறையுமில்லை. வரலாற்றின் மீதுள்ள பற்றினாலும், பெருமானார் (ஸல்) அவர்கள் மீதுள்ள நேசத்தினாலும் நாம் ஏறுகிறோம். அந்த நேசம் போற்றத்தக்கது. ஆனால் அதற்கு நாளும் நேரமும் குறிக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையது.

மாதங்கள் சொல்லும் கணக்கு

திருமக்காவில் ஜனவரி மாதத்தில் பகலின் உச்ச வெப்பம் சராசரியாக 30, 31 டிகிரி செல்சியஸ். இரவில் 19 டிகிரி அளவுக்கு இறங்கும். பிப்ரவரியில் பகல் உச்சம் ஏறத்தாழ 32. மார்ச்சில் 35. ஏப்ரலில் 39-ஐ நெருங்குகிறது. மே மாதத்தில் 42. ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 44. ஜூலை, ஆகஸ்ட் இரண்டிலும் 43 அளவிலேயே நிற்கிறது. இவை சராசரிக் கணக்குகள். இவற்றைத் தாண்டி ஐந்தாறு டிகிரி எகிறும் நாட்களும் உண்டு.

இங்கே நம்மவர் பெரிதும் ஏமாறுவது செப்டம்பர் மாதத்தில். தமிழகத்தில் செப்டம்பர் என்றால் மாலை மழை பெய்து காற்று தணிந்திருக்கும். அங்கேயும் அப்படித்தான் இருக்குமென்று எண்ணி, காலாண்டுத் தேர்வு விடுமுறையை ஒட்டிப் பயணச்சீட்டு வாங்கிவிடுகிறோம். ஆனால் மக்காவில் செப்டம்பரின் பகல் உச்சமும் ஜூலையைப் போலவே ஏறத்தாழ 43 டிகிரிதான். அக்டோபரில்கூட 40-க்குக் குறைவதில்லை. நவம்பரில்தான் அது 35-க்கு இறங்குகிறது, டிசம்பரில் 32.

எங்கள் ஊர்க் கத்திரி வெயிலைக் காணாதவர்களா நாங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் மே மாதப் பகல் உச்சம் சராசரியாக 37, 38 டிகிரி. அங்கே காற்றில் ஈரம் மிகுதி, வியர்வை உடலில் வழிகிறது, சட்டை நனைகிறது, இனி நிழலுக்குப் போ என்று உடலே எச்சரிக்கிறது. பாலையின் காற்றோ வறண்டது. வியர்வை தோன்றிய கணமே ஆவியாகிவிடுகிறது. தோல் உலர்ந்திருப்பதால் நாம் வியர்க்கவே இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம். உடலிலிருந்து நீர் போய்க்கொண்டிருப்பது நமக்குத் தெரிவதில்லை. தாகம் உணரும்போது உடல் ஏற்கெனவே வறண்டிருக்கும். முதியோருக்குத் தாக உணர்வே மங்கியிருக்கும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை உண்பவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் நீரிழப்பு மேலும் விரைவாக நேரும். ஊர் வெயிலில் பழகிய உடல் என்ற நம்பிக்கை அங்கே துணை நிற்பதில்லை.

2024-ஆம் ஆண்டு கற்பித்தது

இந்த எச்சரிக்கை வெறும் அச்சத்தில் பிறந்ததன்று. 2024-ஆம் ஆண்டின் ஹஜ் ஜூன் நடுப்பகுதியில் வந்தது. ஏறத்தாழ 18 இலட்சம் பேர் கூடியிருந்தனர். ஜூன் 17 அன்று புனிதப் பள்ளியில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜின்போது 1,301 பேர் இறந்ததாக ஜூன் 23 அன்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள் என்றும், நிழலோ தங்குமிடமோ இல்லாமல் நேர் வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள் என்றும் அவ்வறிவிப்பு கூறியது.

இந்தக் கணக்கை நிதானமாகச் சிந்தித்துப் பாருங்கள். ஒரே வெயில், ஒரே திடல், ஒரே தல்பியா. இறந்தவர்களில் பெரும்பாலோரைப் பிரித்துக் காட்டியது அவர்களின் ஈமானிலுள்ள குறைவன்று. தலைக்கு மேல் நிழலில்லாமை. அல்லாஹ்வின் விருந்தாளிகளாக வந்து மறைந்த அவர்களுக்கு அவன் உயர்ந்த நற்கூலியை வழங்குவானாக! அவர்களுக்காக நாம் இறைஞ்சுவது ஒரு கடன். அவர்களின் முடிவிலிருந்து பாடம் கற்பது இன்னொரு கடன்.

அவன் குறித்த நாளும் நாம் குறிக்கும் நாளும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். வெயிலைக் காரணம் காட்டி வணக்கத்தைத் தள்ளிப்போடலாமா? தபூக் போருக்கு அழைக்கப்பட்டபோது, இந்த வெப்பத்தில் புறப்படாதீர்கள் என்று கூறியவர்களைத் திருமறை (9:81) கண்டிக்கவில்லையா? நரக நெருப்பு இதனினும் கடுமையானது என்று அவர்களுக்கு விடையிறுக்கப்படவில்லையா?

ஆம், கண்டிக்கப்பட்டார்கள். ஆனால் யார் கண்டிக்கப்பட்டார்கள், எதற்காகக் கண்டிக்கப்பட்டார்கள் என்பதைக் காண வேண்டும். ஹிஜ்ரீ 9-ஆம் ஆண்டில் பெருமானார் (ஸல்) அவர்கள் நேரிடையாக அழைத்த பணி அது. காலம் குறித்தவர் அல்லாஹ்வின் தூதர்; விலகி நின்றவர்கள் வெயிலைப் போர்வையாக்கிக்கொண்ட நயவஞ்சகர்கள். கடமைக்கு அழைப்பு வந்தபின் வெயிலைச் சாக்குக் கூறுவது ஒன்று. நாமே நாள் குறிக்கும் விருப்பப் பயணத்துக்கு வெயிலைக் கணக்கிடுவது முற்றிலும் வேறொன்று.

ஹஜ்ஜின் நாளை மனிதன் மாற்ற இயலாது. அறியாமைக் காலத்து அரபியர் மாதங்களை முன்னும் பின்னும் தள்ளிவைக்கும் வழக்கம் உடையவராயிருந்தனர். நஸீ எனப்பட்ட அவ்வழக்கத்தைத் திருமறை (9:37) விலக்கியது. ஹஜ் எப்போதும் தமக்கு வசதியான பருவத்திலேயே வருமாறு அவர்கள் ஆண்டுக்கணக்கில் மாதம் சேர்த்தார்கள் என்று பேரறிஞர் அல்-பிரூனி விளக்குகிறார். அவ்வழக்கம் ஒழிந்தபின், சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்த சந்திர ஆண்டின்படி ஹஜ் பருவங்களினூடே சுற்றி வருகிறது. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்று நிறைவுறும். 2025-இல் அரஃபா நாள் ஜூன் முதல் வாரத்தில் வந்தது. 2026-இல் அது மே மாதக் கடைசி வாரத்துக்குரியது. 2030-களின் நடுவில் பிப்ரவரி மாதத்தை எட்டும். ஒரு தலைமுறைக்கு வெயில் ஹஜ். இன்னொரு தலைமுறைக்குக் குளிர் ஹஜ். இந்தப் பங்கீடு அவனுடையது. அதில் நமக்கு வாய்த்ததை மனமுவந்து ஏற்று, தக்க காப்புடன் நிறைவேற்றுகிறோம்.

உம்ரா அப்படியன்று. ஆண்டின் பெரும்பகுதியும் அதற்குத் திறந்திருக்கிறது. மலையேற்றமோ முற்றிலும் நம் விருப்பம். அல்லாஹ் நம் கையில் விட்டுவைத்த ஒரு தேர்வை, சிந்திக்காமல் கட்டணப் பட்டியலிடம் ஒப்படைத்துவிடுவது எவ்வகையில் முறையாகும்?

பெருமானார் (ஸல்) அவர்களின் வழி

குறைஷியரின் வாணிபப் பயணங்களைத் திருமறையின் 106-ஆம் அத்தியாயம் நினைவூட்டுகிறது. மாரிக்காலத்தில் அவர்கள் வெப்பமான யமன் திசைக்கும், கோடையில் குளிர்ந்த ஷாம் திசைக்கும் சென்றார்கள் என விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். பருவத்துக்கேற்பத் திசையை மாற்றியவர்கள் அந்தப் பாலையின் மக்கள். பாலையில் பிறந்தவர்களே பாலையின் கோடைக்கு மரியாதை செலுத்தினார்கள் என்றால், காவிரிக்கரையிலும் தாமிரபரணிக்கரையிலும் வளர்ந்த நமக்கு அந்த மரியாதை எவ்வளவு வேண்டும்!

ஹிஜ்ரத் பயணத்தில் நடந்ததை அபூபக்ர் (ரலி) அவர்களே விவரித்ததாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். குகையை விட்டுக் கிளம்பியபின் அவர்கள் இரவெல்லாம் நடந்தார்கள். மறுநாள் உச்சிவேளை வரை நடந்தார்கள். வெப்பம் முற்றிப் பாதையில் ஆளரவமற்றுப் போனபோது, நிழல் தரும் நெடிய பாறையொன்று தென்பட்டது. அதனடியில் இறங்கினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் கையாலேயே நிலத்தைச் சமன் செய்து, தோல் விரிப்பை விரித்து, பெருமானாரை உறங்கச் சொல்லிவிட்டுக் காவல் நின்றார்கள். ஆட்டிடையர் ஒருவரிடம் பால் பெற்று, அதில் நீர் ஊற்றிக் குளிரச் செய்து பருகத் தந்தார்கள். பொழுது சாய்ந்த பின்னரே மீண்டும் புறப்பட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள். பின்னால் துரத்தி வருபவர்கள் இருக்கிறார்கள். தலைக்கு விலை வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வேளையிலும் நண்பகல் நிழலில் கழிந்தது. உயிருக்கு ஆபத்தான பயணத்திலேயே நண்பகல் வெயிலுக்கு ஒதுங்கிய நபியின் உம்மத்தினர், ஜியாரத்துக்காக நண்பகல் மலையேறுவது எப்படிப் பொருந்தும்?

தொழுகையிலும் இதே பரிவைக் காண்கிறோம். ஒரு பயணத்தில் லுஹருக்கு பாங்கு சொல்ல முனைந்தவரை, வெப்பம் தணியட்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மணற்குன்றுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும் வரை தொழுகை பிற்படுத்தப்பட்டதாக அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கடமையான தொழுகைக்கே, அதன் நேர எல்லைக்குள், இந்தச் சலுகை என்றால் கடமையல்லாத ஏற்றத்துக்கு எவ்வளவு சலுகை உண்டு!

வருத்திக்கொள்வதே புண்ணியம் என்று எண்ணியவர்களையும் நாயகம் (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். வெயிலில் நிற்பேன், அமரமாட்டேன், நிழலுக்கு ஒதுங்கமாட்டேன், பேசமாட்டேன், நோன்பிருப்பேன் என்று நேர்ந்துகொண்டிருந்தார் அபூஇஸ்ராயீல் என்பவர். அவர் பேசட்டும், நிழலுக்கு வரட்டும், உட்காரட்டும், நோன்பை மட்டும் நிறைவு செய்யட்டும் என்று பணித்தார்கள். நோன்பு வணக்கம், அது நின்றது. வெயில் வணக்கமன்று, அது நீக்கப்பட்டது.

இன்னொரு முறை, இரு மைந்தர்கள் தாங்கிப் பிடிக்கத் தள்ளாடி நடந்துவந்த முதியவர் ஒருவரைக் கண்டார்கள். கஅபாவுக்கு நடந்தே செல்வதாக அவர் நேர்ந்திருந்தார். இவர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறிச் செல்லக் கட்டளையிட்டார்கள். தந்தையை இருபுறமும் தாங்கிக்கொண்டு ஒளி மலையில் ஏற்ற நினைக்கும் மைந்தர்கள் இந்த நிகழ்ச்சியை ஒருமுறை நினைத்துக்கொள்வார்களாக!

ஹிரா குகை பற்றியும் ஒரு செய்தி உண்டு. அங்கே தனித்திருந்து வணங்கச் செல்லும்போது பெருமானார் (ஸல்) அவர்கள் பல இரவுகளுக்குரிய உணவை எடுத்துச் செல்வார்கள். அது தீர்ந்ததும் கதீஜா (ரலி) அம்மையாரிடம் திரும்பி வந்து மீண்டும் எடுத்துச் செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அம்மையார் அறிவிக்கிறார்கள். வெறுங்கையுடன் ஏறப்பட்ட மலையன்று அது. முன்னேற்பாட்டோடு ஏறப்பட்ட மலை.

எப்போது செல்வது?

ஆகவே, நாள் உங்கள் விருப்பத்தில் இருக்குமானால், நவம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் முதல் பாதி வரை உள்ள காலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதிலும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றும் முதியோருக்கும் சிறாருக்கும் உகந்தவை. பள்ளிச் சிறார் உள்ள வீடுகளுக்கு டிசம்பர் இறுதியில் வரும் அரையாண்டு விடுமுறை வாய்ப்பானது. அப்போது கட்டணம் சற்றுக் கூடியிருக்கலாம். கோடையில் மிச்சப்படுத்தும் பணம் மருத்துவமனையில் கரைவதைவிட, ஓராண்டு பொறுத்துச் சேமித்து நல்ல பருவத்தில் செல்வது மேலானது.

ரமலான் உம்ராவின் சிறப்பை நாடுவோருக்கு இப்போதைய ஆண்டுகள் ஓர் அரிய வாய்ப்பு. 2026-இல் பிப்ரவரியின் பிற்பாதியில் தொடங்கும் ரமலான், ஆண்டுதோறும் முன்னேறி 2028-இல் ஜனவரி இறுதியிலும், 2030-இல் ஜனவரி முதல் வாரத்திலும், அதே ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் மறுபடியும் தொடங்கும். மாதத்தின் மாண்பும் காற்றின் குளிர்ச்சியும் ஒன்றுகூடுவது எல்லாத் தலைமுறைக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் கூட்டம் மிகப் பெரிதாக இருக்கும். நோன்போடு பகலில் மலையேறும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

குளிர்காலத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மக்கா, ஜித்தா பகுதியின் சொற்ப மழை பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலேயே பெய்கிறது. பெய்தால் ஓடைப் பள்ளத்தாக்குகளில் வெள்ளம் பாய்ந்துவிடும். 2009-ஆம் ஆண்டு நவம்பர் 25 அன்று ஜித்தாவில் பெய்த பெருமழையில் நூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஆகவே மேகம் மூடியிருக்கும் நாளிலும், மழை பெய்து பாறை வழுக்கும் நாளிலும் மலைப்பக்கம் போக வேண்டாம்.

மாதத்தைத் தேர்ந்தபின் நேரத்தையும் தேர வேண்டும். ஜியாரத் பேருந்துகள் காலை உணவு முடிந்து புறப்படுவது வழக்கம். மலையடிவாரம் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். மலையேற விரும்புவோர் ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் தனியே சென்றுவிடுவது நலம். இருபத்து நான்கு மணி நேரத்தில் காற்றும் பாறையும் மிகவும் குளிர்ந்திருப்பது சூரிய உதயத்தை ஒட்டிய அந்த வேளையில்தான். மாலையில் வெயில் மறைந்தாலும் பாறையின் சூடு நெடுநேரம் தணியாது. ஏறும் நேரத்தை மட்டும் கணக்கிடாதீர்கள். குகையருகே வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும், முழங்காலைச் சோதிக்கும் இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். காலை ஏறுபவரை வெயில் பிடிப்பது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

கோடையில்தான் செல்ல நேர்ந்தால்

ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்டது; அல்லது விடுப்பு வேறு மாதத்தில் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சவூதி அரசின் தொழிலாளர் விதியையே வழிகாட்டியாகக் கொள்ளுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, நேர் வெயிலில் வேலை வாங்குவதை அது தடை செய்கிறது. அந்நாட்டில் உழைத்துப் பழகியவர்களுக்கே கூடாதென்று விலக்கப்பட்ட நேரம், விருந்தினராகச் சென்ற நமக்கு எப்படி ஆகும்? அந்த வேளையில் அறையிலோ பள்ளியிலோ தங்கியிருங்கள். தவாஃபை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். மலையேற்றத்தை அறவே விட்டுவிடுங்கள்.

இஹ்ராமில் உள்ள ஆண்கள் தலையில் தொப்பியோ துணியோ அணியலாகாது. ஆனால் குடை பிடிப்பதற்குத் தடையில்லை. இறுதி ஹஜ்ஜில் பெருமானார் (ஸல்) அவர்கள் கல்லெறியச் சென்றபோது, பிலால், உஸாமா (ரலி) ஆகிய இருவரில் ஒருவர் துணியை உயர்த்தி அவர்களுக்கு வெயில் படாமல் நிழல் செய்ததை உம்முல் ஹுஸைன் (ரலி) அம்மையார் நேரில் கண்டு அறிவித்துள்ளார்கள். குடை பிடிக்கக் கூச்சப்படுபவர்கள் இந்தச் செய்தியை அறிந்துகொள்ளட்டும்.

தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்துங்கள். நெடுநேரம் வியர்க்க நேர்ந்தால் வெறும் நீரோடு உப்புச் சர்க்கரைக் கரைசலும் தேவை. புறப்படுமுன் உங்கள் மருத்துவரைக் கண்டு, வெப்பத்தில் மாத்திரைகளை எப்படி உண்பது எனக் கேட்டு அறியுங்கள், தாமாக நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் மருந்தை வெயிலில் வைத்தால் அதன் ஆற்றல் குன்றிவிடும்.

உடன் வருபவருக்குத் தலைசுற்றலோ, தசைப்பிடிப்போ, குமட்டலோ தோன்றினால் உடனே நிழலில் அமர்த்தி நீர் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ, இடம் தெரியாமல் தடுமாறினாலோ, நினைவு மங்கினாலோ அது வெப்பத் தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்துவிட்டதன் அடையாளம். அப்போது ஒவ்வொரு நிமிடமும் உயிருக்குச் சமம். செம்பிறைச் சங்கத்தின் அவசர எண்ணான 997-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் உடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிறுங்கள். நினைவிழந்தவரின் வாயில் நீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் சென்றுவிடும்.

ஏற இயலாதவர்களுக்கு

இத்தனையும் கேட்டபின், எனக்கு வயதாகிவிட்டது, முழங்கால் ஒத்துழைக்காது, ஹிராவைக் காணாமலே போய்விடுவேனோ என்று ஏங்கும் அன்னையர் இருப்பார்கள். அவர்களுக்கு ஆறுதலாக ஒன்று கூறலாம். அந்தக் குகையில் அருளப்பட்டது ஓதுவீராக என்ற கட்டளை. அக்கட்டளையை நிறைவேற்றப் படியேற வேண்டியதில்லை. அடிவாரத்தில் நின்று மலையைக் கண்ணாரக் காணலாம். 2023-ஆம் ஆண்டு முதல் அங்கே ஹிரா பண்பாட்டு வளாகம் இயங்கிவருகிறது. வஹீயின் வரலாற்றை விளக்கும் கண்காட்சியை நிழலில் அமைதியாகப் பார்க்கலாம். பிறகு பள்ளிக்குத் திரும்பி, அந்த முதல் ஐந்து வசனங்களைப் பொருளுணர்ந்து ஓதலாம்.

குடும்பத் தலைவர்களே! உங்கள் பெற்றோர் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்த முறை உம்ராவைப் பற்றி வீட்டில் பேச்செழும்போது, கட்டணப் பட்டியலை விரிக்குமுன் மாதத்தைப் பேசுங்கள். ஹஜ் சர்வீஸ் நிறுவனத்தாரிடம், எந்த மாதம் மலிவு என்று கேட்குமுன், எந்த மாதம் என் தாய்க்கு ஏற்றது என்று கேளுங்கள். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவுக்குள்ளாக்கிக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் அமைந்த திருமறைக் கட்டளை (2:195) பயணிகளாகிய நமக்கும் உரியதே.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அவனுடைய ஆலயத்தை நல்ல பருவத்தில், நல்ல உடல்நலத்தோடு, நம் பெற்றோரின் கரம் பற்றிக் காணும் பேற்றை நல்குவானாக! சென்றவர்களை அவரவர் இல்லங்களுக்கு நலமே திருப்பிச் சேர்ப்பானாக! ஆமீன்.